விளக்கை முன்னால் வைக்கிறார்கள்

என்னோடு சேர்ந்து தலை நரைத்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னஞ்சிறுசுகள் படித்தாலும் படிக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அது வேண்டுமென்றே வைத்தது.

போன மாதம் தேனியில் ஒரு மண்டபத்தில் என் சித்தப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அப்பாவின் கடைசித் தம்பி. எண்பதைத் தாண்டியவர். ஆட்டுத்தோலில் உளியால் துளை போட்டுப் பாவை தட்டுவதில் அவரைப்போல் ஆள் இல்லை என்று மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கீழே நிறையப் பெண்பிள்ளைகள். காலேஜில் படிக்கிறவர்கள். அவரிடம் பயிற்சிக்கு வந்து ஆளுக்கொரு மானோ மயிலோ தட்டி மடியில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை எழுந்து, "தாத்தா, உங்க குடும்பத்துல பொம்பளைங்க யாருமே ஏன் இந்த வேலை செய்யல?" என்று கேட்டது.

சித்தப்பா மைக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எங்க வீட்டுப் பொம்பளையாளுகளுக்கு இதுல நாட்டமே இருந்ததில்ல தாயி. சோறாக்குவாக, பாட்டுப் பாடுவாக. உளியக் கையில குடுத்தாலும் தொடமாட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை. கேசரி கொடுத்தார்கள். அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

தொடமாட்டார்களாம்.

எங்களுடையது பாவைக்கூத்துக் குடும்பம். கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய்த் திரை கட்டுவோம். மழைக்காலத்தில் மட்டும் முல்லையாற்றங்கரைப் புறம்போக்கில் எங்கள் குடிசைகளில் இருப்போம். வீட்டுக்குள் நாங்கள் பேசியது மராட்டி கலந்த பேச்சு. அதை இங்கே எழுதினால் உங்களுக்குப் புரியாது, எனக்கும் எழுத வராது. அதனால் நம் பக்கத்துப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அந்த வருடம் மழைக்காலம் வந்தும் மழை வரவில்லை. அணையில் குடிப்பதற்கென்று திறந்துவிட்ட தண்ணீர் மட்டும் ஆற்றில் முழங்காலளவுக்கு ஓடியது. ஓடைப்பட்டிப் பக்கம் மானாவாரிக்காடு முழுக்கக் காய்ந்துகிடந்தது. இப்போது அங்கே திராட்சைப் பந்தலைப் பார்க்கிறவர்களுக்கு அது நம்பும்படியாக இருக்காது. ராமாயணம் போட்டால் மழை இறங்கும் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. அந்தப் பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு அப்பாவிடம் வந்தார்கள். மழைக்கூத்துக்குப் பின்னமான பாவை ஆகாது. எங்கள் சீதையின் தோளை எலி தின்றிருந்தது. புதுச் சீதை தட்டியாக வேண்டும்.

அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. திரைக்குள்ளே இருந்து வருடக்கணக்காக எண்ணெய்ப் புகை குடித்த கண். அவர் தோலில் கம்பியால் உருவம் கீறுவார். உளியை வைத்துத் துளை போடுவது முழுக்க என் அக்காதான். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், எனக்கு எட்டு. சித்தப்பா மீசை முளைத்த இளவட்டம். அவரும் தட்டுவார். அவர் தட்டினால் வளையல் வரிசை போகும் இடத்தில் வாய்க்கால் போகும். அக்கா அதைப் பார்த்து, "சித்தப்பா, சூர்ப்பனகைக்கு மூக்கு அறுக்கணும்னா மட்டும் உங்ககிட்டக் குடுக்கிறேன்" என்பாள். சித்தப்பா உளி தட்டும் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார். அவரும் சிரித்துக்கொண்டேதான் விரட்டுவார். அப்போது அவர் கெட்டவர் இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வயதுக்கு வராத பெண்பிள்ளை சாமிப் பாவை தட்டலாம். வந்துவிட்டால் உளியைத் தொடக்கூடாது. தோல் ஊறப்போடலாம், சாயம் பூசலாம், கைகால் மூட்டுக்கு நூல் கட்டலாம், திரைக்குப் பின்னால் சீதைக்குக் குரல் கொடுக்கலாம். துளை மட்டும் போடக்கூடாது. துளை வழியாகத்தானே வெளிச்சம் வருகிறது, அதுதானே சாமிக்கு உயிர். எங்கள் ஆட்கள் உயிர் இருக்கும் இடத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தில்தான் வேலி போட்டார்கள்.

சீதைக்கு நெற்றிச்சுட்டி தட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, அக்கா எழுந்து ஓலைத்தட்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். அம்மா போனாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மாவுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, உளிய வாங்கிருவாகளா?"

அம்மா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கிட்டயும் இப்படித்தான் புடுங்கினாக. எங்கய்யா வீட்டுல அனுமாருக்கு வாலு தட்டிக்கிட்டிருந்தேன். பாதி வாலோட போச்சு. மிச்ச வால எங்கண்ணன் தட்டினான், எலிவாலு மாதிரி." பிறகு அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "சீதை முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கும் சேத்துத்தான்டி." நான் வாய் திறக்கவில்லை.

துணியைக் காயப்போட இடம் வேண்டுமே. அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். கொல்லையில் கயிற்றில் ஆட்டுத்தோல் தொங்கும். கறிக்கடையிலிருந்து வந்ததை வெந்நீரில் ஊறவைத்து, மயிர் வழித்து, கொழுப்புச் சுரண்டித் தொங்கவிட்டிருப்போம். அந்த வாடைக்குத் தெருநாய் வரும், மனிதர் வரமாட்டார். தோலுக்கு உள்பக்கமாகத் துணியை மடித்துப் போட்டுவிடுவாள். வெளியிலிருந்து பார்த்தால் தோல்தான் தெரியும்.

அந்தச் சீதையை அக்கா தட்டியதை எப்படிச் சொல்வது? புளியம்பலகையில் தோலை விரித்து அதன்மேல் ஒருக்களித்து உட்காருவாள். டொக், டொக், டொக் என்று ஒரே சீராகச் சத்தம் வரும். திடீரென்று நிற்கும். தோலைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடிப்பாள். அவள் கழுத்திலும் கன்னத்திலும் புள்ளிப் புள்ளியாக வெயில் விழும். சீதையின் நகையெல்லாம் அக்கா மேல் இருக்கும். எங்கள் அக்கா கழுத்தில் நான் நகை பார்த்தது அப்போதுதான்.

கண் கடைசியில். வீட்டுப் பெரிய ஆண்பிள்ளை தலை முழுகிவிட்டு வந்து கண் திறக்க வேண்டும் என்பது முறை. அப்பாவுக்குக் குறி தெரியவில்லை. அக்காவின் மணிக்கட்டை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். தட்டினது அக்கா. இடது கண்ணின் ஓரத்தில் உளி ஒரு மயிரிழை கூடப் போய்விட்டது. அக்கா உதட்டைக் கடித்தாள். அப்பா அதைத் தூக்கி வெயிலில் பார்த்தார். அவ்வளவு மங்கிய கண்ணுக்கும் அது தெரிந்தது. "பேசுறா. இந்தச் சீதை பேசுறா" என்றார். சீதையின் பாதத்தைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. ஆண்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். மகனுக்கு என் அக்காவைக் கேட்டுவைக்க முறுக்கோடு வந்திருந்தாள். அம்மா தோல் வாடையை நம்பியிருந்தாள். வந்திருப்பவள் பாவைக்கூத்து வீட்டில் பிறந்தவள் என்பதை மறந்துபோனாள். நம்மைப் போன்றவர்கள் பிறத்தியார் வீட்டுக்குப் போனால் சேலையைத் தொட்டுப் பார்ப்போம். எங்கள் அத்தை தோலைத் தொட்டுப் பார்ப்பாள்.

"ஏத்தா, இது காஞ்சு கலகலன்னு ஆயிருச்சே, இன்னும் எதுக்குத் தொங்கவிட்டிருக்க? முறுகிப்போகும்ல?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றிலிருந்து தோலைத் தூக்கினாள்.

துணி கீழே விழுந்தது.

"இது யாருதுத்தா?"

"என்னுது மதினி."

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா?"

அத்தை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அங்கே அக்கா பலகை முன்னால், மடியில் சீதையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி மக்கா! மழைக்குப் போற சாமியடி அது!"

அப்பாவும் சித்தப்பாவும் ஓடி வந்தார்கள். அப்பா கேட்டார், "எத்தன நாளா?"

அக்காதான் பதில் சொன்னாள். "நெத்திச்சுட்டி தட்டும்போதே."

"அப்ப கண்ணு?"

"கண்ணுக்கு நீங்கதானப்பா என் கையத் தொட்டுக்கிட்டு நின்னீக. பேசுதுன்னு சொன்னீகள்ல?"

அப்பா அடித்திருந்தால்கூட எனக்கு இத்தனை வருடம் ஆறாமல் இருந்திருக்காது. அவர் அடிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். காலையில் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே, அந்தத் தீட்டைக் கழுவப் போனார்.

கேளுங்கள். கறிக்கடையிலிருந்து தோல் வரும்போது அதில் ரத்தம் சொட்டும். நான் தூக்கி வருவேன், என் பாவாடையெல்லாம் சிவப்பாகும். நரம்பும் சவ்வுமாக அதைச் சுரண்டி எடுத்த கையைக் கழுவிவிட்டுத்தான் சோறு தின்போம். கழுத்தறுத்த ஆட்டின் ரத்தம் சாமிக்கு ஆகும், அதிலிருந்து ராமரே செய்யலாம். எங்கள் அக்காவின் ரத்தம் மட்டும் ஆகாது. அது யாரையும் அறுத்து வந்த ரத்தமா? இதை அன்றைக்குக் கேட்க ஒரு நாதி இல்லை. அம்மாவுக்குத் தெரியும். கேட்கவில்லை. பாதி வாலோடு நின்றவள் மகளுக்கு முழுச் சீதை வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவு தூரம்தான் அவளால் போக முடிந்தது.

பழசான பாவையை நாங்கள் எரிக்கமாட்டோம், புதைக்கமாட்டோம். மஞ்சள் பூசி, பூ வைத்து, வாழைமட்டையில் கிடத்தி, கற்பூரம் காட்டி ஆற்றில் விடுவோம். "போயிட்டு வா தாயி" என்று பெண்கள் அழுவார்கள். இந்தச் சீதைக்கு அது ஒன்றும் இல்லை.

"ஏலே, எடுத்துட்டு வாலே" என்றார் அப்பா, ஆற்றுக்குக் கிளம்பும்போதே சித்தப்பாவிடம்.

சித்தப்பா கையால்கூடத் தொடவில்லை. செத்த பாம்பைத் தூக்குவதுபோல் ஒரு குச்சியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனார். ஆற்றில் எறிந்தார். சாயம்கூட முழுசாகக் காயவில்லை. மெல்லிசான தோல். முங்கவில்லை, மல்லாக்க மிதந்து போனாள். அக்காவைத் தீட்டுக்கென்று ஓலையால் கட்டிய தனிக் குச்சிலில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து ஆறு தெரியாது. நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு, பார்த்திருக்கட்டுமே என்று தோன்றுகிறது.

உளிகளைக் கோமியத்தில் கழுவிச் சித்தப்பா கையில் கொடுத்தார்கள். ஆமாம், மேடையில் சால்வை போர்த்திக்கொண்டாரே, அவர் கைக்கு உளி வந்தது அப்படித்தான். உளியைக் கொடுத்தாலும் தொடமாட்டார்களாம்!

சித்தப்பா அவசர அவசரமாக ஒரு சீதை தட்டினார். அதைக் கொண்டுபோய் ஓடைப்பட்டிப் பக்கம் மழைக்கூத்துப் போட்டார்கள். விளக்கு ஏற்றித் திரையில் அவளைக் காட்டியதும் முன்வரிசையில் ஒரு கிழவி, "ஏ கூத்துக்காரரே, சீதைக்கு மாறுகண்ணாய்யா?" என்றாள். இன்னொருத்தர், "ராவணன் இவளையா தூக்கிட்டுப் போனான்? பாவம்யா அவன்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மழை பெய்யவில்லை.

மழை பெய்தது வேறு இடத்தில். தேனிக்கு மேற்கே, ஆற்றோரத்து ஊர் ஒன்று. பெயர் எழுதமாட்டேன். அங்கே வாய்க்கால் மதகில் எங்கள் சீதை போய்ச் சிக்கியிருக்கிறாள். தண்ணீர் பாய்ச்சுகிறவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். பாவைக்கூத்துச் சீதை என்று தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் கிழியாமல், கண் கலையாமல், மதகில் நின்றுகொண்டு அவரையே பார்த்தாளாம். வேப்பமரத்தில் சாத்திவைத்துவிட்டு ஊருக்குள் சொல்லப் போனவர் நனைந்துகொண்டு போனார். அப்படி ஒரு மழை. அதன்பிறகு அவள் சீதை இல்லை, மதகடியம்மன்.

அவர்கள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள், என்ன முறை செய்ய வேண்டும் என்று கேட்க. அப்பாவோடு நானும் போனேன். வேப்பமரத்தடியில் நல்ல கூட்டம். சீதைக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, இவ எங்கன இருந்து வந்தவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

அப்பா அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா? இரண்டு கைதூரத்தில் நிற்கிறாள். எனக்கு அத்தனை சந்தோஷம். "அப்பா, நம்ம அக்கா..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையின் மேல்பக்கச் சதையைப் பிடித்துக் கிள்ளினார். திருகிக் கிள்ளினார். சிரித்த முகத்தோடு பெரியவரிடம் சொன்னார்:

"ஆத்தோட வந்த ஆத்தாளுக்கு ஊரு பேரு எதுக்குங்கய்யா? ஒங்களத் தேடி வந்தவ. வச்சுக் கும்பிடுங்க."

கூத்துக்காரர், வசனத்துக்குப் பஞ்சமா? சொல்லிவிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டார். குச்சியில் தூக்கி எறியச் சொன்ன அதே சீதையை! அவருக்கு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். தீட்டு என்று நிஜமாகவே நம்பியிருந்தால் அந்த ஊரை அல்லவா எச்சரித்திருக்க வேண்டும்? நம்பவில்லை என்றால் வீட்டுக்கு வந்து மகள் கையில் உளியை அல்லவா திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்? இரண்டில் ஒன்றும் செய்யவில்லை. புது வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

என்னைக் கூச்சக்காரி, நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். கூச்சம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. அந்தக் கிள்ளில் வந்தது. இன்றைக்கும் சபையில் பேச வாயெடுத்தால் அந்தச் சதை வலிக்கும்.

வீட்டுக்கு வந்து குச்சில் வாசலில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது, "கண்ணு அழியலயே?" அழியவில்லை என்றேன். "போதும்" என்று சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். தீட்டோடு சாமியைத் தொட்டவள் என்று ஊரில் பேசிய அத்தை, மருமகளாக மட்டும் அவளை விடவில்லை. தோல் பதம் பார்க்க அக்காவைப்போல் கை கிடைக்குமா? மச்சான் மோசமான ஆள் இல்லை, உளியைக் கொடுக்கிற ஆளும் இல்லை. சாகும்வரை அக்கா தோல் ஊறவைத்தாள், சாயம் பூசினாள், சீதைக்குப் பாடினாள். பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பூவரச இலை ஒன்று கையில் கிடைத்தால் போதும், கட்டைவிரல் நகத்தாலேயே வளையல் வரிசை குத்திவிடுவாள். வெளிச்சத்தில் பார்ப்பாள். கசக்கிப் போட்டுவிடுவாள்.

மதகடியம்மன் பொங்கலுக்கு மட்டும் அக்கா வருடம் தவறாமல் வருவாள். நாங்கள் இரண்டு பேரும் போய்க் கும்பலோடு நிற்போம். வேப்பமரத்துக்கு முதலில் கூரை வந்தது, பிறகு ஓடு வந்தது, இப்போது டைல்ஸும் கம்பிக் கதவும். சீதையை இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுச் சட்டத்தில் அடைத்து, பீடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை அக்கா எக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்:

"கூறுகெட்டவனுக, வெளக்க முன்னாடி வைக்கிறானுகடி. பாவைக்குப் பின்னாடில்ல வைக்கணும்? முன்னாடி வச்சா அவ வெறுந்தோலு."

அக்கா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது.

மண்டபத்திலிருந்து வந்த மறுநாள் நான் மட்டும் அந்தக் கோயிலுக்குப் போனேன். பட்டப்பகல். ஆள் இல்லை. பூசாரி மட்டும் தூணில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை. அஞ்சாம் வகுப்பு அதற்குப் போதும், எழுத்துக்கூட்டாமலே படித்தேன். தீட்டு உள்ள பெண்கள் உள்ளே வரக்கூடாது.

எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனோ. பிறகு உள்ளே போனேன். முன்னால் எரிந்த விளக்கைச் சுற்றிக்கொண்டு பீடத்துக்குப் பின்பக்கம் போனேன். சுவருக்கும் சீதைக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கலாம்.

"ஏ ஆத்தா, அங்கன எதுக்குப் போற? வெளிய வா!" பூசாரி எழுந்து ஓடி வந்தார்.

என் செல்போன் பட்டன் போன்தான், ஆனால் டார்ச் உண்டு. அதைப் பொருத்திச் சீதையின் முதுகுக்குப் பின்னால் பிடித்தேன்.

பூசாரி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையிலும் முகத்திலும் புள்ளிப் புள்ளியாக விழுந்தது. நெற்றிச்சுட்டி, வளையல் வரிசை, கழுத்தாரம். சிவப்பும் பச்சையும் உயிர் வந்து நின்றன. பரம்பரையாகப் பூசை செய்கிற மனிதர், தன் அம்மனின் கண்ணை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"எங்க அக்கா தட்டினது" என்றேன். சதை வலித்தது. விடவில்லை. "தீட்டோட தட்டினது. இடது கண்ணு ஒரு இழை கூடப் போயிருக்கும், பாரு."

அவர் பார்த்தார். கைகூடக் கூப்பவில்லை, மறந்துவிட்டார். நான் டார்ச்சை இறக்கப் போவதைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"அணைச்சிராத ஆத்தா. கொஞ்சம் அப்படியே வச்சிரு."

நான் அணைத்தேன்.

"வாசல்ல மாட்டியிருக்கீகளே பலகை, அதக் கழட்டு" என்றேன். "அப்புறம் பொருத்துறேன்."

இந்த வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பலகை அங்கேயேதான் இருக்கிறது. நானும் பொருத்தவில்லை.